ரேஸ் ஓடிய குதிரை: பிட் மாற்றியும் தலையை உதறுகிறான், வலது ரெயின் மட்டும் கனக்கிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேஎல்_சவாரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உலு லங்காட் பக்கம் ஒரு தனியார் லாயத்தில் குதிரை வைத்திருக்கிறேன். தரோபிரெட் (ரேஸுக்கு வளர்க்கும் இனம்) கெல்டிங், அதாவது காயடித்த ஆண், 7 வயது, சுங்கை பீசியில் ரேஸ் ஓடி ஓய்ந்தவன். தரையில் நிற்கும்போது தங்கமான குணம், குளிப்பாட்டினாலும் லாடம் அடித்தாலும் அசைய மாட்டான். மேலே ஏறி ரெயினை, அதாவது கடிவாள வாரை, கையில் எடுத்ததும்தான் தகராறு ஆரம்பிக்கிறது.

நடையில் பரவாயில்லை. டிராட்டுக்கு, அதாவது துள்ளு ஓட்டத்துக்கு, போனதும் தலையை மேலும் கீழும் உதறுகிறான், வாயைத் திறக்கிறான், சில சமயம் நாக்கு பக்கவாட்டில் வெளியே வந்துவிடுகிறது. வலது ரெயினில் மொத்த உடம்பையும் சாய்த்துப் பிடிக்கிறான், இடது ரெயினில் ஒன்றுமே இல்லை, காற்றைப் பிடித்திருக்கிற மாதிரி இருக்கிறது. அதைவிட வேகமான கேன்டரில் இன்னும் மோசம். இடது பக்கம் வட்டம் போட்டால் தோளை வெளியே தள்ளிக்கொண்டு போகிறான்.

அவனோடு வந்த பிட், அதாவது வாய்க்குள் போடும் கடிவாளக் கம்பி, ஒற்றை இணைப்பு லூஸ் ரிங் ஸ்னாஃபில்: நடுவில் ஒரு மூட்டு, இரண்டு ஓரத்திலும் சுழலும் வளையம். அது உறுத்துகிறதோ என்று தடியான ரப்பர் பிட் ஒன்று போட்டுப் பார்த்தோம். வாய் இன்னும் அதிகமாகத் திறந்ததுதான் மிச்சம். மூக்குவாரைக் கொஞ்சம் இறுக்கு, அடுத்த வாரம் பெல்ஹாம் என்கிற நெம்புகோல் பிட் போடலாம் என்று லாயத்தில் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவன் ஏதோ சொல்லப் பார்க்கிறான், நாம் வாயை அடைக்கப் பார்க்கிறோம் என்று தோன்றுகிறது. இந்த மாதிரிக் குதிரையோடு பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

பத்து_கந்தோங் எழுதியது:

தங்கச்சி, பெல்ஹாமை இப்போதைக்கு அலமாரியிலேயே வையுங்கள். நான் பினாங்கில் ரேஸ் லாயத்தில் வேலை பார்த்தவன், காலையில் டிராக் வேலைக்குக் குதிரை ஏறியிருக்கிறேன். 1864 முதல் இருந்த பினாங்கு டர்ஃப் கிளப், 2025 இல் ரேஸ் நின்றுபோனது, அந்த வருத்தம் வேறு. சிங்கப்பூர் கிராஞ்சியிலும் 2024 அக்டோபரோடு முடிந்துவிட்டது. அதனால் இப்போது நம் பக்கத்தில் ரேஸ் விட்டு வந்த குதிரைகளை வாங்குகிறவர்கள் நிறைய. இந்தக் கேள்வியும் நிறைய வரத்தான் போகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரேஸ் குதிரைக்குக் கான்டாக்ட், அதாவது ரெயின் வழியே கைக்கும் வாய்க்கும் உள்ள தொடர்பு, என்றால் நீங்கள் நினைப்பது இல்லை. ஜாக்கி ரெயினைக் குட்டையாகப் பிடித்துக் கழுத்தில் கையை ஊன்றிக்கொள்வார், குதிரை பிட்டின் மேல் சாய்ந்து அந்தப் பிடியில் ஓடும். பிடி இறுகினால் ஓடு என்று கற்ற குதிரை அது. நீங்கள் வேகத்தைக் குறைக்க இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தால் "சரி, வேலை ஆரம்பம்" என்றுதான் அதற்குப் புரியும். அதை முரட்டுத்தனம் என்று சொல்லாதீர்கள், சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறது. பழக்கம் மாற மாதக்கணக்கில் ஆகும், ஆனால் மாறும்.

இன்னொன்று நாக்கு. ரேஸில் பல குதிரைகளுக்கு நாக்கைத் துணியாலோ ரப்பராலோ கீழ்த்தாடையோடு கட்டி ஓட்டுவார்கள், நாக்கைப் பிட்டுக்கு மேலே தூக்கிப் போடக்கூடாது என்று. உங்களுடையவன் அப்படிக் கட்டி ஓடியவனா என்று பழைய ரேஸ் பதிவில் பாருங்கள், இருந்தால் எழுதியிருப்பார்கள். கட்டி ஓடியிருந்தால் இந்த நாக்குத் தொல்லை உங்களிடம் வந்த பிறகு முளைத்தது இல்லை.

ஆனால் அவன் ஒரு பக்கமாகக் கனப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பழக்கம் என்றால் இரண்டு பக்கமும் சாய்வான். ஒரு பக்கம் மட்டும் என்றால் முதலில் வாய்க்குள் பாருங்கள், அப்புறம் பிட்டின் அளவு, அப்புறம் முதுகு, கால். வேறு எதையும் மாற்றுவதற்கு முன்னால் இது. கடைசியாகப் பல் மருத்துவர் எப்போது பார்த்தார்?

தடை_தாண்டி எழுதியது:

அண்ணே சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒரு விஷயம். நான் ஜம்பிங் செய்கிறேன். என் குதிரையும் ரேஸ் குதிரைதான். ஸ்னாஃபிலில் தடையை நோக்கிப் போகும்போது கையில் நிற்கவே மாட்டான், ஒரு நாள் வேலியோரம் என்னைக் கொண்டுபோய் அடிக்கப் பார்த்தான். மூன்று வளைய பிட், அதுவும் நெம்புகோல் மாதிரி வலுவானது, போட்ட பிறகுதான் பிரேக் கிடைத்தது. பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா? மேலே உட்கார்ந்திருப்பவர் கழுத்தை முறித்துக்கொண்டால் குதிரையின் வாய் நலமாக இருந்து என்ன பயன்? கேஎல் அக்கா, உங்களால் நிறுத்த முடியவில்லை என்றால் கொஞ்ச நாள் வலுவான பிட் போடுவதில் தப்பில்லை என்பேன்.

செர்டாங்_மாணவி எழுதியது:

நான் செர்டாங் யுபிஎம்மில் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) கால்நடை மருத்துவம் படிக்கிறேன், குதிரைப் பிரிவில் பயிற்சியில் இருந்தபோது பார்த்ததையும் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். நேரில் பார்க்கும் மருத்துவரின் வார்த்தைதான் முடிவு, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

குதிரையின் கடைவாய்ப்பல் வருடத்துக்குச் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் ஈறிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும், மெல்ல மெல்லத் தேயும். கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஒடுக்கம் என்பதால் பல் முழுப்பரப்பும் ஒரே மாதிரி தேயாது. மேல்பல்லின் வெளி ஓரமும் கீழ்ப்பல்லின் உள் ஓரமும் கூராக நின்றுவிடும். வெளிப்பக்கம் கன்னத்தைக் கிழிக்கும், உள்பக்கம் நாக்கைக் கிழிக்கும். மூக்குவாரை இறுக்கினால் கன்னத்தை நேராக அந்தக் கூரில் அழுத்துகிறோம். அதனால் இப்போது மூக்குவாரை இறுக்கவே வேண்டாம், தயவுசெய்து. வளர்ந்த குதிரைக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது பல்லை ராவ வேண்டும், சிலவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

அப்புறம் வுல்ஃப் டூத் என்கிற குட்டிப் பல். மேலே முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் இருக்கும், எல்லாக் குதிரைக்கும் இருக்காது. சில சமயம் ஈறுக்கு அடியிலேயே வெளியே வராமல் படுத்திருக்கும், கண்ணால் பார்த்தால் தெரியாது, விரலால் தடவினால் ஒரு மேடு மாதிரி தட்டுப்படும். பிட் அதன் மேல் மோதினால் தலையை உதறாமல் என்ன செய்யும்? ஒரு பக்கம் மட்டும் அந்தப் பல் இருந்தால் ஒரு பக்கம் மட்டும் பிரச்சினை வரும். ஆண் குதிரை என்பதால் கோரைப்பல்லும் இருக்கும், 4 அல்லது 5 வயதில் முளைப்பது. பிட் தாழ்வாகத் தொங்கினால் கீழ்க் கோரைப்பல்லில் தட்டும்.

பிட் உட்காரும் இடம் முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு. அங்கே ஈறுக்குக் கீழே எலும்பு விளிம்பு, மேலே மெல்லிய தோல், அவ்வளவுதான். பின்லாந்தில் 2019 இல் வெளியான ஒரு ஆய்வில் ரேஸ் முடிந்த கையோடு 261 டிராட்டர் (டிராட்டிலேயே வண்டி இழுத்து ரேஸ் ஓடும்) குதிரைகளின் வாயைப் பார்த்திருக்கிறார்கள், 84 சதவீதத்துக்குப் பிட் படும் இடத்தில் புதுக் காயம். பெரும்பாலானவற்றுக்கு வெளியே ரத்தம் எதுவும் தெரியவில்லை. ரத்தம் இல்லை, அதனால் வாய் நன்றாக இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்வது எவ்வளவு தவறு என்று அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. டார்ச் அடித்து, உதட்டைத் தூக்கி, அந்த ஈறையும் வாய் ஓரத்தின் உள்பக்கத்தையும் பாருங்கள். முழுப் பரிசோதனைக்கு மயக்க ஊசி போட்டு வாயைத் திறக்கும் கருவி மாட்டித்தான் பார்க்க முடியும், அதை மருத்துவர் செய்வார்.

தடை_தாண்டி அண்ணா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வலி இருக்கிற வாயில் நெம்புகோல் பிட் போட்டால் வலி கூடும், வலியிலிருந்து ஓடுகிற பிராணி இன்னும் வேகமாக ஓடும். நிற்காத குதிரையை வேலி போட்ட அரங்கத்துக்குள் வைத்துக்கொண்டு காரணம் தெரியும் வரை வெளியே போகாமல் இருப்பதுதான் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு.

தஞ்சோங்_அக்கா எழுதியது:

பினாங்கில் சவாரி சொல்லிக்கொடுக்கிறேன். பல்லைப் பற்றித் தங்கை சொல்லியாயிற்று, நான் பிட்டையும் கையையும் சொல்கிறேன்.

அளவு முதலில். கடைக்காரர் கண்ணால் பார்த்து "தரோபிரெட்டா, ஐந்தரை இஞ்ச்" என்று கொடுப்பதை நம்பாதீர்கள். ஒரு மெல்லிய மரக்குச்சியோ பருத்திக் கயிறோ எடுத்து, பிட் இருக்கும் இடத்தில் வாய்க்குள் விட்டு, இரண்டு பக்கமும் உதடு முடியும் இடத்தில் குறி போட்டு, வெளியே எடுத்து அளந்து பாருங்கள். லூஸ் ரிங் என்றால் அந்த அளவோடு மொத்தம் 10 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதல் வேண்டும், வளையம் ஓட்டைக்குள் சுழலும்போது உதட்டைக் கிள்ளாமல் இருக்க. எக்பட், டி ரிங் மாதிரி வளையம் சுழலாத பிட் (அசையாத கன்னம் என்போம்) என்றால் 5 மில்லிமீட்டர் கூடினால் போதும். பிட்டை நேராக நீட்டி வளையத்தின் உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் வரை அளக்க வேண்டும்.

அகலம் கூடிப்போன பிட் பெரிய செருப்பு மாதிரி, எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். ஒற்றை இணைப்பு என்றால் நடு மூட்டு நாக்கின் நடுவில் இருக்காது. ஒரு பக்கம் சரிந்துவிடும். நீங்கள் இடது கையால் கேட்பது அந்த வாய்க்குப் போய்ச் சேரவே சேராது. இடது ரெயினில் ஒன்றுமே இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

தடியான பிட் மென்மை என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் வேரோடிப் போயிருக்கிறது. வாயை மூடினால் உள்ளே காலி இடம் என்று எதுவும் கிடையாது, நாக்கே நிறைத்திருக்கும். தரோபிரெட்டுக்கு வாய் சின்னது, நாக்குத் தடிமனாகவும் இருக்கலாம். அங்கே தடி ரப்பரைத் திணித்தால் வாயை மூட முடியாது. அதோடு ரப்பர் காய்ந்தால் உதட்டில் வழுக்காமல் இழுக்கும். 14 முதல் 16 மில்லிமீட்டர் தடிமனில், நடுவில் ஒரு சின்ன உருண்டையோ கொட்டையோ வைத்த இரட்டை இணைப்பு பிட் பல குதிரைகளுக்கு ஒத்துப்போகிறது. எல்லாவற்றுக்கும் என்று சொல்ல மாட்டேன், சில குதிரைகளுக்கு மூட்டில்லாத, அசையாத முல்லன் பிடிக்கும். ஹிலரி கிளேட்டன் என்கிற ஆய்வாளர் எக்ஸ்ரே வீடியோ எடுத்து, ரெயின் இழுக்கும்போது பிட் வாய்க்குள் எங்கே போகிறது என்று பார்த்தார். முதலில் அழுத்தம் வாங்குவது நாக்கு. நாக்கை வெளியே தள்ளும் குதிரை, நாக்குக்கு இடம் தேடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரத்துக்கு வாய் ஓரத்தில் இரண்டு சுருக்கம் விழ வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். உதடு ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி, சுருக்கத்தை எண்ணிப் பயன் இல்லை. பிட் கோரைப்பல்லிலும் படக்கூடாது, கடைவாய்ப்பல்லிலும் இடிக்கக்கூடாது, அதுதான் கணக்கு. பிட்டைத் தாங்கும் இரண்டு கன்னவாரும் ஒரே ஓட்டையில் இருந்தாலும் நீளம் ஒன்றா என்று கழற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கும் வியர்வைக்கும் தோல் ஒரு பக்கம் கூடுதலாக இழுபட்டுவிடும், முக்கியமாக எல்லோரும் பிடித்து இழுக்கும் இடது பக்கம். நெற்றிவார் குட்டையாக இருந்தால் தலைவாரைக் காதடிக்கு இழுத்துவிடும், அதுவும் தலை உதறலுக்குக் காரணம். மூக்குவாருக்கு இரண்டு விரல் இடம், மூக்கெலும்பின் மேலே வைத்துப் பார்க்க வேண்டும். கன்னப் பக்கம் சதையில் வைத்தால் எப்போதும் இடம் இருக்கிற மாதிரிதான் தெரியும். எஃப்.இ.ஐ (சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு) போட்டிகளிலேயே 2025 இலிருந்து இதை அளக்க ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது.

இனி கை. நடையிலும் கேன்டரிலும் குதிரையின் தலை ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் அசையும், கை கூடவே போக வேண்டும். டிராட்டில் தலை அசையாது. ஆனால் எழுந்து உட்காரும் டிராட்டில் நம் தோள் மேலே போகிறதே, அப்போது முழங்கை விரியவில்லை என்றால் ஒவ்வொரு அடிக்கும் பிட்டை நாமே தூக்கித் தூக்கிப் போடுகிறோம். டிராட்டில்தான் உதறுகிறான் என்றீர்கள், அதனால் இதைப் பாருங்கள். கழுத்தில் ஒரு வார் கட்டி, சுண்டுவிரலை அதில் மாட்டிக்கொண்டு டிராட் செய்து பாருங்கள். விரல் இழுபட்டால் கை அசைகிறது. உதறல் நின்றாலும் பதில் கிடைத்துவிட்டது.

கேஎல்_சவாரி எழுதியது:

அண்ணே, அக்கா, தங்கச்சி, எல்லோருக்கும் நன்றி. சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தேன், அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

கயிறு வைத்து அளந்ததில் வாய் 125 மில்லிமீட்டர். அவனோடு வந்த லூஸ் ரிங் 145. அக்கா சொன்ன மாதிரியே, வலது ரெயினை லேசாக எடுத்தால் இடது வளையம் உதட்டில் ஒட்டிக்கொள்கிறது, வலது பக்கம் கம்பி ஒரு விரல் அளவுக்கு வெளியே நிற்கிறது. தரையில் நின்று நானே பார்த்தேன். கன்னவாரைக் கழற்றி வைத்துப் பார்த்தால் இடதுபக்கத்தது நீளம்.

பல் மருத்துவர் வந்தார். மேல்பல்லில் இரண்டு பக்கமும் கூர், வலது கன்னத்தின் உள்ளே ஆறிக்கொண்டிருந்த ஒரு புண், இடது மேல்பக்கம் ஈறுக்கு அடியில் ஒரு வுல்ஃப் டூத். ராவி, பல்லையும் எடுத்துவிட்டார், ஈறு ஆறும் வரை வாயில் எதுவும் போடக்கூடாது என்றார். ஏறாமல் இருக்கும் நாட்களில் நீளக் கயிற்றில் வட்டமடிக்க விடுகிறோம், மூக்கில் மட்டும் கேவ்சன் என்கிற பட்டை. அதில் டிராட்டில் தலை உதறலே இல்லை, நடையில் கழுத்தை நீட்டி முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டு போகிறான். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

அண்ணே கேட்ட ரேஸ் பதிவும் பார்த்தேன், நாக்குக் கட்டித்தான் ஓடியிருக்கிறான்.

ஆனால் ஒன்று இன்னும் இருக்கிறது. பிட் இல்லாமலே இடது பக்கம் வட்டம் போடும்போது கேன்டரில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக் குதிக்கிற மாதிரி ஓடுகிறான். வலது பக்கம் அப்படி இல்லை. இது என்ன?

மென்வாய் எழுதியது:

இதைத்தான் நான் எப்போதும் சொல்கிறேன். பிட்டை எடுத்ததும் குதிரை சரியாகிவிட்டது, அப்புறம் ஏன் திரும்பப் போட வேண்டும்? சைட்புல்லோ பிட்லெஸ் பிரைடலோ, பிட் இல்லாத தலைக்கட்டு ஏதாவது, போட்டு ஏறுங்கள். என் குதிரையை அப்படித்தான் ஓட்டுகிறேன், டாமான்சாரா பக்கம் ரோட்டோரம்கூடப் போய் வருகிறேன். வாயில் இரும்பு எதற்கு?

தஞ்சோங்_அக்கா எழுதியது:

மென்வாய், பிட் இல்லாமல் ஏறுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, நானே சில குதிரைகளை அப்படி ஏற்றுகிறேன். ஆனால் அங்கேயும் அழுத்தம் எங்கோ போய்த்தான் உட்காரும். மூக்கெலும்பின் கீழ் நுனி மெல்லியது, மூக்குவார் தாழ்ந்து அங்கே உட்கார்ந்தால் மூச்சும் திணறும், எலும்பும் நோகும். குறுக்காகத் தலையைச் சுற்றிக் கட்டும் வகை இழுத்தால் சீக்கிரம் விடாது. விடாத கை மூக்கிலும் விடாது. கேட்டதற்குக் குதிரை இணங்கியதும் உடனே விடுவதுதான் அதற்குப் பாடம், கருவி எதுவானாலும்.

கேஎல் தங்கச்சிக்கு இப்போது பிட் இல்லாத காலம் இன்னொரு விதத்தில் பயன். பிட் இல்லாமலும் இடது கேன்டரில் தொல்லை என்றால் அது வாயிலிருந்து வரவில்லை. இதை நீங்கள் பிட் வைத்துக்கொண்டே தேடியிருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது.

செர்டாங்_மாணவி எழுதியது:

பின்னங்கால் இரண்டும் சேர்ந்து குதிப்பது என்றால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், அக்கா. முதுகு, இடுப்பு, ஹாக் (பின்னங்காலின் நடு மூட்டு), எதுவாகவும் இருக்கலாம். சூ டைசன் என்கிற கால்நடை மருத்துவர் சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். அவற்றில் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் கணக்கு. வாயைத் தொடர்ந்து திறந்து வைப்பது, நாக்கை வெளியே விடுவது, பிட் ஒரு பக்கமாக இழுபடுவது, தலையை உதறுவது, தலையைச் சாய்ப்பது, காதைப் பின்னால் மடக்கி வைப்பது எல்லாம் அதில் வருகிறது. நீங்கள் முதல் பதிவில் எழுதியதிலேயே பல அதில் இருக்கின்றன. வாயில் தெரிவதெல்லாம் வாயில் தொடங்குவது இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். யாராவது ஏறும்போது பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், நேரில் போகும்போது குதிரை அடக்கமாக ஓடிவிடும்.

சேணமும் பாருங்கள். ரேஸ் விட்ட குதிரைக்கு உடம்பு மாறிக்கொண்டே இருக்கும், வந்தபோது பொருந்திய சேணம் இப்போது தோளைக் கவ்வலாம்.

ரவாங்_அப்பா எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், என் மகள் சவாரி கற்கிறாள், அதனால் இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படிக்கிறேன். அவள் ஏறும் குதிரை ஆரம்பத்தில் நன்றாக இருக்கும், அரை மணி ஆனதும் கையில் கனக்க ஆரம்பித்துவிடும், தலை தொங்கிப்போகும். சாயங்கால வகுப்பில் கூடுதலாக. சோம்பேறி, குச்சி எடு என்கிறார் சொல்லிக்கொடுப்பவர். இதுவும் பிட் விஷயமா?

பத்து_கந்தோங் எழுதியது:

ரவாங் அண்ணே, குச்சியை வையுங்கள், முதலில் குதிரை வியர்க்கிறதா என்று பாருங்கள். நம் வெயிலிலும் புழுக்கத்திலும் வெளிநாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுவிடும். ரேஸ் லாயத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த நோய். வேலை முடிந்தும் உடம்பு உலர்ந்து கிடக்கும், பிடரிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கும், மூச்சு வேகமாக வாங்கும். வெப்பம் வெளியே போக வழியில்லாமல் சோர்ந்துபோய்த் தலையை உங்கள் மகள் கையில் தொங்கவிடுகிறது. ஓய்வில் குதிரையின் வெப்பநிலை 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை. வேலைக்குப் பிறகு தண்ணீர் ஊற்றி நிழலில் நிறுத்தியும் 40 பக்கத்திலேயே நின்றால் ஆபத்து. மருத்துவர் ஒரு ஊசிச் சோதனை செய்து உறுதி செய்வார். நிச்சயமான மருந்து என்று கிடையாது. காற்றாடி, நிழல், உப்புச்சத்து, அப்புறம் காலைப் பசியாறும் நேரத்துக்கு முன்னால் வேலையை முடிப்பது, இதுதான் நாங்கள் செய்தது. இப்படிப்பட்ட குதிரைக்கு எந்த பிட் போட்டாலும் கனக்கத்தான் செய்யும்.

ரவாங்_அப்பா எழுதியது:

நேற்று வகுப்பு முடிந்ததும் கையால் தடவிப் பார்த்தேன், கழுத்தும் விலாவும் காய்ந்து கிடந்தன, மகள்தான் நனைந்திருந்தாள். லாயத்தில் பேசிவிட்டேன், அவள் வகுப்பைக் காலை 7 மணிக்கு மாற்றிக்கொண்டோம், மருத்துவரும் வருகிறார். அண்ணே, மிக்க நன்றி.

கேஎல்_சவாரி எழுதியது:

மருத்துவரிடம் காட்டியாயிற்று. இடது பின்னங்கால் ஹாக் மூட்டில் வலி, மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிட்டதும் நன்றாகவே தெரிந்தது. மூட்டுக்குச் சிகிச்சை கொடுத்து, லாடம் அடிப்பவரோடும் பேசி, வேலையை மெதுவாகக் கூட்டச் சொல்லியிருக்கிறார். சேணமும் முன்பக்கம் ஒடுக்கமாகிவிட்டது, மாற்ற வேண்டும். இடது பின்னங்காலில் எடை வைக்க மறுத்து, முன்னால் வலது கையில் வந்து சாய்ந்திருக்கிறான். அவனை வாய் முரடன் என்று லாயத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், எனக்கு அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

மெதுவாக ஏற அனுமதி கிடைத்திருக்கிறது. புது பிட் வாங்க வேண்டும். 130 எக்பட் இரட்டை இணைப்பா, 135 லூஸ் ரிங்கா? இணையத்தில் பழைய பிட் 50 வெள்ளிக்குக் கிடைக்கிறது, புதுசு 300 வெள்ளிக்கு மேலே போகிறது.

தடை_தாண்டி எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு என் குதிரைக்கும் பல் மருத்துவரைக் கூப்பிட்டிருக்கிறேன். மூன்று வளையத்தை உடனே எடுக்கத் துணிச்சல் இல்லை, ஆனால் கீழ் வளையத்திலிருந்து ரெயினைப் பெரிய வளையத்துக்கு மாற்றி, அரங்கத்துக்குள் தரைக்கம்பி வைத்து நடையிலும் டிராட்டிலும் மட்டும் வேலை செய்கிறேன். பத்து கந்தோங் அண்ணே சொன்ன "இழுத்தால் ஓடு" விஷயம் புரிந்தது. இழுப்பதற்குப் பதில் உட்கார்ந்து, ஒரு கையால் எடுத்து உடனே விட்டால் நிற்கிறான். தடைக்கு இப்போதைக்குப் போகவில்லை.

தஞ்சோங்_அக்கா எழுதியது:

கேஎல், 130 எக்பட் வாங்குங்கள். ஒரு பக்கம் சாய்கிற பழக்கம் இன்னும் கொஞ்ச நாள் மிச்சம் இருக்கும், அசையாத கன்னம் அவனுக்கு நிலையாக இருக்கும், உதட்டையும் கிள்ளாது. பழையது வாங்கினால் மூட்டில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தேய்ந்து கூராகியிருந்தால் 50 வெள்ளியும் வீண். முலாம் பூசிய பிட் உரிந்திருந்தாலும் வேண்டாம். சில லாயங்களில் வாங்குவதற்கு முன்னால் போட்டுப் பார்க்கக் கொடுப்பார்கள், கேளுங்கள்.

முதல் சில வாரம் ரெயினை நீளமாகவே வையுங்கள், கழுத்தை நீட்டித் தாழ்த்தி பிட்டைத் தேடி அவனாக வரட்டும். தலை மடக்கி அழகாக வர வேண்டும் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு ரெயினிலும் ஒரே தூரத்தில் கலர் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், ஒரு கை குட்டையாகப் பிடிப்பது உடனே தெரியும். வலது பக்கம் சாய்ந்தால் இழுத்துச் சண்டை போட வேண்டாம். சாய ஒன்றும் கிடைக்காத மாதிரி ஒரு நொடி விட்டு, உங்கள் காலால் பின்னங்காலை முன்னால் கூப்பிட்டு, இடது ரெயினை அமைதியாக வைத்திருங்கள். காலியாக இருக்கும் பக்கத்தை அவன் எடுத்துக்கொள்ளும்போதுதான் கனக்கும் பக்கம் லேசாகும்.

பத்து_கந்தோங் எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்று. நாக்குக் கட்டி ஓடியவன் என்பதால் பிட் போட்ட முதல் நாட்களில் நாக்கைத் தூக்கிப் போடப் பார்ப்பான். அப்போது பிட்டை ஒரு ஓட்டை மேலே ஏற்றலாம் என்று சொல்வார்கள், ஏற்றாதீர்கள். லாயத்திலேயே ஏறாமல், ரெயின் இல்லாமல், தீனிக்கு முன்னால் கொஞ்ச நேரம் போட்டு நிற்க விடுங்கள், கூடவே இருந்து. நாக்கு கீழே இருந்தால் எதுவும் இழுக்காது என்று அவனே தெரிந்துகொள்வான். ஒவ்வொரு தடவையும் பிட்டைக் கழுவித் துடைத்து வையுங்கள், காய்ந்த எச்சிலும் புல்லும் அடுத்த நாள் உதட்டை அறுக்கும். மழை நாளில் ரெயின் வழுக்குகிறது என்று நாம் கையை இறுக்கிப் பிடித்துவிடுகிறோம், ரப்பர் பிடி வைத்த ரெயின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எக்பட் வந்ததும் போட்டுவிட்டு முன்னாலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம் இங்கே போடுங்கள், கன்னவார் எத்தனையாவது ஓட்டையில் என்பதையும் எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறோம்.